பகலிலும் மூடிய திரை

மீன் தொட்டியைச் சன்னல் ஓரத்துக்கு மாற்றியது நான்தான். ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிர் ஃபைட்டர் மீனுக்கு ஆகாது என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள். தொட்டிக்கு ஒரு சின்ன ஹீட்டர் வாங்கத்தான் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆலங்காயத்துக்குக் கிளம்பினேன். பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவில், போகிற வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று சாமைக் கதிரைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். அறுவடை நாட்களில் தினமும் அதன் மேல்தான் போய்வருவோம். அன்று கதிர் பனியில் நனைந்திருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. எனக்கு முழங்கையில் தோல் போனது. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

வேலூர் மருத்துவமனையில் என் மனைவி அவளோடு தங்கிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்து வேலையை விட முடியாமல் காவலூர் வீட்டில் இருந்தேன். என்னோடு அந்த நீல மீன். மாலையானால் வீடியோ அழைப்பு வரும்.

"இன்னாங்க, மீன காட்டுங்க. அதத்தான் கேட்டுகினே கீறா," என்பாள் மனைவி.

ஹீட்டர் இல்லாத குறைக்கு வெயில் இருக்கிறதே என்றுதான் தொட்டியைச் சன்னல் ஓரம் நகர்த்தினேன். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததும் சன்னல்களுக்குத் தடித்த திரையை இழுத்துவிடுவோம். வீட்டு வெளிச்சம் வெளியே கசிந்தால் பக்கத்திலிருக்கும் வானாய்வகத்தின் தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல். விடிந்ததும் அந்தத் திரையை முழுவதும் விலக்குவேன். வெயில் நேராகத் தொட்டியில் விழும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாவிலிருந்து நாலு தீனி மணிகளை எடுத்துப் போடுவேன். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் அடிக்கடி போனேன்.

இரண்டாவது வாரம் கண்ணாடியில் பச்சைப் படலம் கட்டியது. பிறகு செடிகளில் தலைமுடி போலப் பாசி தொங்கியது. கடைசியில் தண்ணீரே பச்சையாகி, மீன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மகளிடம் ஃபோன் கேமரா சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் மீனை ஒரு சொம்பில் விட்டேன். தொட்டியைக் கவிழ்த்து, கல், செடி, கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து நிரப்பினேன். மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீர். என் விரல்களே மரத்துப்போயின. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மீனை விட்டதும் அது துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

மீன் வாங்கிய வாணியம்பாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டே அவர், "மொதல்ல பேஜாராவாதீங்க சார்," என்றார். "வாட்டர் பாட்டில்ல வெதுவெதுன்னு தண்ணி புடிச்சி, மூடி போட்டு, தொட்டில மெதக்க வுடுங்க. சுடுதண்ணிய நேரா ஊத்திடாதீங்க. தீனி எத்தினி வாட்டி போடுவீங்க?"

"ஆறு, ஏழு வாட்டி."

"அது மீனா, மாடா சார்? வெயில்லயா வெச்சிகிறீங்க?"

"குளுருமேன்னு..."

"வெயிலும் குடுத்து தீனியும் குடுத்தா நீங்க வளக்கறது பாசி சார். மீனு அதுல வாடகைக்கு கீது. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு தீனி மணி போதும். வாரத்துக்கு ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்துங்க, அதுவும் மொத நாளே வூட்டுக்குள்ள புடிச்சி வெச்ச தண்ணி. வெயில் படவே கூடாது."

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பகலில் திரையை இழுத்து மூடினேன். பாட்டில் ஆற ஆற வேறு தண்ணீர் மாற்றி மிதக்கவிட்டேன். செவுள் அசைகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வாசல் வரை போவேன். திரும்பி வந்து மறுபடி குனிவேன்.

மாலை அழைப்பு வந்தது. மகள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: "கேமராவ கீழ எறக்குப்பா."

இறக்கினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணிய மொத்தமா மாத்திட்டியா?"

"ஆமாம்மா. பாசி வந்ததும் என்னாலதான். எல்லாமே என்னாலதான். அன்னிக்கி நான் மெதுவா போயிருந்தா..."

"நான் மீனப் பத்திதான கேட்டேன்?" என்றாள். "மெதுவாத்தான் போயிருக்கணும். அதுக்கு இப்ப இன்னா பண்றது? பாட்டில் ஆறிச்சா பாரு, போ."

விபத்துக்குப் பிறகு யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் விதி என்றார்கள், கண் பட்டது என்றார்கள். நான் எழுந்து போய் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கிளம்பும்போது மீன் மெல்ல மேலே வந்து ஒரு வாய் காற்று இழுத்துக்கொண்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி தொட்டியை வைத்திருக்கிறோம். சன்னல் திரை இப்போது பகலிலும் மூடியே இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியில் மறுபடி கொஞ்சம் பாசி. "அத வுட்டுடு, கொஞ்சம் இருந்தா ஒண்ணியும் ஆவாது," என்கிறாள். எனக்குத்தான் கை பரபரக்கிறது. தெருவில் வண்டி பிரேக் போடும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். எழுந்தவன் எங்கே போவது? தொட்டியிடம் போகிறேன். தீனி டப்பாவில் கை வைத்ததும் கட்டிலிலிருந்து குரல் வருகிறது.

"காலைலயே போட்டாச்சிப்பா. போய் உக்காரு."