பெஞ்சுக்குப் போன பந்து

எங்கள் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஐந்து பேர் இருந்தோம். ஆடியது என் அக்கா மட்டும்தான். மற்ற நாலு பேருக்கும் ஒரே வேலை: பந்து கைக்கு வந்தால் அக்காவிடம் போட வேண்டும். பி.டி. டீச்சர் வேறெதுவும் சொல்லித் தரவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளை அப்படியேதான் ஜெயித்திருந்தோம்.

வீட்டிலும் அதே கதை. நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்ட நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நிலக்காரர் வழக்குப் போட்டிருந்த சமயம் அது. நோட்டீஸ் வந்தால் அப்பா பிரிக்காமலே அக்காவிடம் நீட்டுவார். மனு எழுதுவதும் அவள்தான், தாலுகா ஆபீசில் அப்பாவுக்காகப் பேசுவதும் அவள்தான். சில வருஷம் கழித்து வழக்கு முடிந்து நிலம் எங்களிடமே தங்கியது. வழக்கு நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் அவள் பத்தாவது படித்தாள், நான் எட்டாவது.

பாபநாசத்தில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மெட்ராஸ் போய் ஆடலாம். கடற்கரைக்குக் கட்டிக்கொள்ள நான் ஒரு பாவாடையை மடித்தே வைத்துவிட்டேன்.

எதிர்க் குழுவில் மூன்று பேர் அக்காவையே சுற்றி நின்றார்கள். அவர்களோடு மோதி மோதி, ஐந்தாவது ஃபவுலும் வாங்கி, அவள் வெளியே போக வேண்டியதாயிற்று. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நேரம் முடியப்போகிற சமயத்தில் பந்து எப்படியோ என் கைக்கு வந்தது. வளையம் நேர் மேலே. பக்கத்தில் ஒருத்தியும் இல்லை.

"வளையத்துல போடுடி!" என்று டீச்சர் கத்தினார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போட்டேன். அவளும் அழகாகப் பிடித்தாள். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"நான் வெளியில உக்காந்திருக்கேன்டி, லூசு!" என்றவள், பந்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எல்லாரும் என்ன பொம்மையாடி?" என்றார் டீச்சர்.

"நீங்கதான டீச்சர் அவகிட்டயே போடச் சொன்னீங்க?" என்றாள் எங்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார் டீச்சர்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அக்கா வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்தாள்.

"விடுடி. இன்னிக்குத்தான் உக்காந்து ஆட்டம் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வாசலில் அப்பா ஒரு புது நோட்டீசோடு நின்றிருந்தார். அக்கா தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே அதைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு நல்ல பசி. பையை அவள் காலடியிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.