மலைக்கு மார்க் போட்டவர்

பென்னலூர் பாண்டுரங்கனுக்கு நாற்பது வயது. ஒரகடத்தில் கார் டேஷ்போர்டு செய்யும் எங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிறவர்களின் இடங்களுக்குப் போய்த் தணிக்கை செய்வது அவர் வேலை. பதினோரு ஆண்டுகளில் தணிக்கை ஃபார்மில் யாருக்கும் தொண்ணூறுக்கு மேல் மார்க் போட்டதில்லை. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம் என்று லேபிள் ஒட்டி வைத்திருக்கிறார். கடுகை அடையாளம் தெரியாதவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இன்னா மார்க் போட்டீங்க?" என்று அவர் மனைவி தேவிப்பிரியா ஒருநாள் கேட்டார்.

"அப்போ ஃபார்ம் இல்ல" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன ஆண்டு அவரைச் சேலத்துக்கு அப்பால் ஒரு மலைக்கு அனுப்பினார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். டேஷ்போர்டு வெயிலில் வளையாமலிருக்க பிளாஸ்டிக்கில் மாக்கல் பொடி கலக்கிறோம். கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். அந்த மலையில் அது மற்றப் பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடுகிறது. ஓரிடத்தில் ஆள் அகலம், பத்தடி தள்ளினால் கையகலம். நல்ல வெள்ளையும் வரும், பச்சை ஓடியதும் வரும். வெட்டியெடுத்ததைப் பதினாறு பெண்கள் வெள்ளை வேறு, பச்சை வேறு என்று கையால் பிரிக்கிறார்கள். சுரங்கம் எண்பது மார்க் வாங்கினால் ஆர்டர். வாங்காவிட்டால் அந்தப் பதினாறு பேருக்கும் வேலை இல்லை.

"தயாரிப்புத் தேதி எங்க எழுதுறீங்க?" என்று தொடங்கினார் பாண்டுரங்கன்.

பிரிப்பவர்களுக்குத் தலைவி செங்கமலம், முப்பது வயதிருக்கும். "எதுக்குங்க தேதி?"

"சரக்கு என்னிக்கு உண்டாச்சுன்னு தெரியணும்ல."

அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பாரு பொறக்கறதுக்கு முந்தியே இருந்துச்சுங்க. அதுக்கு முன்னால நாங்க விசாரிக்கல."

"பதிவு இல்லைன்னு எழுதும்மா" என்றார் என்னிடம்.

இப்படியே போய் எழுபத்திரண்டில் நின்றது. மீதி ஒரே கேள்வி, பத்து மார்க்: ஒரே கல்லை எப்போதும் ஒரே மாதிரிதான் பிரிக்கிறார்களா?

முப்பது கற்களின் அடியில் எண் எழுதினார். விதிப்படி, வேலை செய்பவர் ஒருவர், தணிக்கை செய்பவர் ஒருவர், இருவரும் தனித்தனியாக மூன்று முறை பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கற்களைக் கலைத்து வைத்தது நான்.

செங்கமலம் ஒவ்வொரு கல்லையும் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுப் போட்டாள். மூன்று முறையும் ஒரு கல்கூட குவியல் மாறவில்லை. பாண்டுரங்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உற்றுப் பார்த்துப் பிரித்தார். பதினேழாம் கல் முதலில் வெள்ளை, பிறகு பச்சை, மறுபடி வெள்ளை. அதுபோல இன்னும் எட்டு.

"வெளிச்சம் மாறிக்கினே கீது" என்றார்.

"எனக்கும் அதே வெளிச்சந்தானுங்க."

சுற்றியிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்கு மார்க் இல்லீங்களா?"

இரண்டு பேர் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் பூஜ்யம். ஃபார்மில் ஒரே ஒரு விலக்கு உண்டு. தன் முடிவையே மாற்றிக்கொள்பவரின் கணக்கை நீக்கிவிடலாம். ஆனால் அவரைப் பெயர் போட்டுத் தகுதியற்றவர் என்று எழுத வேண்டும். அந்த அறிக்கை மேலாளர் முதல் கேட் செக்யூரிட்டிவரை எல்லோருக்கும் போகும். பாண்டுரங்கன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பதினேழாம் கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"எழுதும்மா. பாண்டுரங்கன், மாக்கல் பிரிக்கத் தகுதியில்லை."

எழுதினேன். எண்பத்திரண்டு ஆனது.

"கீழ இன்னொரு கட்டம் கீது பாரு. தகுதி இல்லாதவருக்குப் பயிற்சி குடுக்கறவர். செங்கமலம்னு போடு. காலம், ஒரு நாள்."

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாள்ல உங்களுக்கு வராதுங்க."

அவர் பதினேழாம் கல்லைக் கீழே வைத்தார். "மூணுன்னு போடும்மா" என்றார்.