நகம் பூசிய கை

ஜேர்மனியின் ஹம் நகரில் அக்கா மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள், அவளுடைய நகங்களுக்குப் பூச்சுப் பூசியது நான்தான். சாதாரண நகப்பூச்சுதான். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மெல்லிதாக, நுனியையும் மூடிப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுத்திருந்தால் ஒரு கிழமைக்கு உரியாது. காய்வதற்காக விரல்களை விரித்து வைத்தபடியே, “சித்தி, நீங்கள்தான் ஆராத்தி எடுக்கோணும்” என்றாள்.

மண்டபத்தில் எல்லாரும் அந்த நகங்களைப் புகழ்ந்தார்கள். நான் ஆராத்தித் தட்டைத் தூக்கியதும் மாப்பிள்ளையின் பெரியம்மா மறித்தார். “புருசன் இல்லாத ஆக்கள் ஆராத்தி எடுக்கிறேல்லை. வையும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப பொம்பிளையின்ர நகப்பூச்சையும் அழிச்சுப்போட்டு மேடையில ஏத்துங்கோ. அதுவும் இந்தக் கை பூசினதுதான்!”

அக்கா எங்கோ பார்த்தபடி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். மணப்பெண் மட்டும், “சித்தி, வாங்கோ” என்றாள். ஆராத்தி எடுத்தேன்.

பூச்சு காயும்வரை பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க மாட்டேன்.