காரட் பாத்தியில் லார்க்ஸ்பர்

"லார்க்ஸ்பர் இல்லே, மாலி இல்லே" என்று துரைசாணி விரலை ஆட்டிச் சொன்னபோது, நான் பூந்தமல்லியில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் மாலியாக, அதாவது தோட்டக்காரனாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாசியில் தோட்டப் போட்டி. பார்க்க வருகிறவர்களுக்கு லார்க்ஸ்பர் என்ற அந்தச் சீமை நீலப் பூவைக் காட்டியே ஆகவேண்டும். விதை கப்பலில் வந்திருந்தது.

நான் அயனம்பாக்கத்து நெல் வயலில் வளர்ந்தவன். விதை என்றால் நாற்று விட வேண்டும், பிடுங்கி நட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐப்பசியில் தொட்டியில் தூவி, விரலுயரம் வந்ததும் பிடுங்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டேன். என் நடவை நானே நின்று ரசித்தேன். மூன்றாம் நாள் அத்தனையும் செத்துக் கிடந்தன. வேரைத் தொட்டால் லார்க்ஸ்பருக்கு ஆகாது என்று யார் கண்டது? எரிச்சலில் மிச்ச விதையைச் சமையல்கட்டுக்குப் பின்னால் வீசினேன். துரைசாணியிடம் "வரும்மா, வரும்மா" என்று புளுகியே நாளை ஓட்டினேன்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் சமையற்காரர் காதர் பாய் சண்டைக்கு வந்தார்.

"இன்னா நைனா, இன்னா வெதய போட்ட? எலயப் பாத்து காரட்டுன்னு நெனச்சி தண்ணி ஊத்திகினு கீறேன், ஆட்ட வெரட்டிகினு கீறேன். இப்ப பூ வுடுது!"

"இன்னா பூவு பாய்?"

"நீலமா கீது. பின்னால வாலு கீது."

ஓடிப் பார்த்தேன். இடுப்புயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாக நின்றது லார்க்ஸ்பர். சந்தோஷத்தில் புத்தி போய்விட்டது. முன்பக்கத்துப் பாத்திக்கு மாற்ற மண்வெட்டியைத் தூக்கினேன். பாய் குறுக்கே நின்றார்.

"காரட்ட எவன்யா புடுங்கி நடுவான்? கைய வெச்ச, அவ்ளோதான்!"

அது காரட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செத்த நாற்றுகள் நினைவுக்கு வந்தன. மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

போட்டியன்று, பூ கொல்லையில்தான் இருக்கிறது என்று நான் சொன்னதும், துரைசாணி முகம் சிவக்க, போட்டி பார்க்க வந்தவர்களை அடுப்புக் கரியும் பாத்திரமும் கிடந்த கொல்லைக்கு அழைத்துவந்தார். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பூவைப் பார்த்தார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. துரைசாணி சிரித்துக்கொண்டே, "லார்க்ஸ்பர் இருக்கு, மாலி இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாகத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று முதலில் கேளுங்கள். பாய் மட்டும், காரட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; அவரிடமும் "வரும் பாய், வரும்" என்று கடைசிவரை புளுகினேன்.