சித்தூர்ப் பொடிக்கு ஒரு லேபிள்

கோணலாக எடுத்த ஒரு போட்டோவில் அப்படி என்னதான் இருக்கிறது? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

போட்டோவை எடுத்தவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. சித்தூரில் மாமியாரோடு இருக்கிறாள். நாங்கள் திருப்பதியில் இருக்கிறோம். கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். அந்தப் போட்டோவில் அவள் மகன் பருப்புப் பொடி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் கொடியில் ஈரத் துண்டு. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கால் கட்டைவிரல் தெரிகிறது, அநேகமாக என் மாமியாருடையது. இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, அடுத்ததாகத் தன் குரலையும் பதிவு செய்து போட்டிருந்தாள்.

"இன்னிக்கு காரம் கொஞ்சம் தூக்கலா பூட்ச்சி. சின்னப் புள்ளைங்க கீற வூட்ல வாங்காதீங்க. மத்தவங்களுக்கு வேணும்னா சொல்லுங்க."

தன் சரக்கை வாங்காதே என்று சொல்லி யாராவது விளம்பரம் செய்வார்களா? மதியத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது என்று மாமியார் போன் செய்தார்.

நான் செய்வது சத்துமாவு. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எடையே ஏறவில்லை. ஒவ்வொரு முறை தராசில் வைக்கும்போதும் நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று தோன்றும். கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் கேட்டார்கள். அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. விளம்பரத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லாததால் எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டேன். ஒரு லேபிளில் இரண்டு வகை எழுத்துக்கு மேல் கூடாது. நான்கு பக்கமும் இடம் விட வேண்டும். போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், பின்னால் எதுவும் இருக்கக் கூடாது. மகள் பள்ளிக்குப் போன பிறகு போனும் கையுமாக உட்கார்ந்து, ஒரு எழுத்தை நகர்த்துவேன், திரும்பப் பழைய இடத்திலேயே வைப்பேன். தெலுங்கில் மேலே எழுதுவதா, தமிழில் மேலே எழுதுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

"நீ லேபிள் போட்டு முடிக்கறதுக்குள்ள கேழ்வரகே மறுபடியும் முளைச்சிடும்" என்பார் கணவர்.

ஓரகத்தியும் என்னைப் போல டிகிரி முடித்தவள்தான். அதனால் படிப்பைச் சொல்லிக்கூட என்னால் ஆறுதல் தேடிக்கொள்ள முடியாது. நான் மெனக்கெடுகிறேன், அவள் மெனக்கெடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மாமியார் இரண்டு ஸ்டேட்டஸையும் தவறாமல் பார்ப்பார்.

"சின்னவ போட்டத பாத்தியாம்மா? நான் சிரிச்சிக்கினே கீறேன்."

"நான் போட்டதப் பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன், பாத்தேன். நல்லாத்தான் கீது. பேங்க்ல குடுப்பாங்களே காலண்டர், அது மாதிரி."

அவர் காலண்டர் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் லேபிளின் நடுவில் பெருமாள் இருந்தார். திருப்பதியில் தொழில் தொடங்கிவிட்டு அவர் இல்லாமல் எப்படி? இங்கே ஆட்டோவில், அரிசி மூட்டையில், செருப்புக் கடையின் பெயர்ப் பலகையில்கூட அவர் இருக்கிறார். நானும் நல்ல படமாகத் தேடி எடுத்து, சுற்றிலும் தங்க நிறத்தில் கோடு போட்டு, கீழே சத்துமாவு என்று எழுதினேன். நிறைய அடித்தால் மலிவாக வரும் என்று பிரிண்டிங் பிரஸ்காரர் சொன்னார். நிறைய அடித்தேன்.

எங்கள் தெருவில் சிறுதானியம் விற்கிற ஒரு கடை உண்டு. கடைக்காரர் தெலுங்குக்காரர், என்னிடம் தமிழும் கலந்து பேசுவார். வீட்டில் செய்கிற பண்டங்களுக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அலமாரித் தட்டு வைத்திருந்தார். அதை எனக்குக் கொடுத்தார். அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு பெரிது என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நடப்பேன். வெளியிலிருந்தே தங்கக் கோடு மின்னுவது தெரியும்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வாங்கவில்லை. மாவு கசக்கிறதோ, வண்டு வந்ததோ, யாருடைய குழந்தைக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்து பயந்து நானே தினமும் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். உள்ளே என் காலிக் கவர்கள். கழுவி, துடைத்து, மடித்து அடுக்கியிருந்தன.

"ஏமம்மா, சாமி பொம்மய செத்தலோ எட்லா வேஸ்தாரு?"

சாமி படத்தைக் குப்பையில் எப்படிப் போடுவார்கள் என்று கேட்கிறார். வாங்கினவர்கள் ஒவ்வொருவராக வந்து கவரைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். கோழி சமைக்கிற அடுப்படியில் இதை எங்கே வைப்பது என்று சிலர் கேட்டார்களாம். ஒரு அம்மா மட்டும் மாவை டப்பாவில் கொட்டிக்கொண்டு கவரைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாராம்.

"ஓய்ஃப் சொல்லிச்சி, நம்மளே வெச்சிக்கலாம்னு. எத்தனைனு வெச்சிக்கறது? நீங்களே தீஸ்கெள்ளண்டி."

எடுத்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது? அந்தப் பை இப்போது என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என்னாலும் குப்பையில் போட முடியவில்லை. குளத்தில் விடலாம் என்றால் பிளாஸ்டிக். வேறு லேபிள் அடித்து மேலே ஒட்டிவிடு என்றார் கணவர். பெருமாள் முகத்தின் மேல் எதை ஒட்டுவது? அடித்து மீந்த லேபிள் கட்டு கட்டாகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சாமி கட்டிலுக்கு அடியிலா என்று மனம் கேட்கவில்லை. இப்போது பீரோவுக்கு மேலே இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் கடைக்காரர் இன்னொரு கேள்வி கேட்டார். அவர் மனைவியின் போனில் என் ஓரகத்தியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அனுப்பி, அவர் யாருக்கோ அனுப்பி, சித்தூரிலிருந்து என் தெருவுக்கே வந்துவிட்டது. "உப்பு போட மறந்துட்டேன், நீங்களே போட்டுத் துன்னுங்க" என்று அவள் சொல்ல, கடைக்காரர் மனைவி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மீ தோடிகோடலாமே?" என்றார் கடைக்காரர். உங்கள் ஓரகத்தியாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தட்டில் அவள் பொடியை வைத்துப் பார்க்கலாம் என்றார். லேபிள் மட்டும் வேண்டும். என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் அடைத்தது என்பதெல்லாம் இருக்க வேண்டும். "நீங்கதான் டிசைன் பாகா, நல்லா செய்றீங்களே, நீங்களே போட்டு குடுத்துடுங்கம்மா."

நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் இருந்தால் மாமியாருக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

"அய்யோ, உன் தட்டாச்சேக்கா அது" என்றாள்.

"பரவால்ல. என்னுது போவல."

"அப்ப பாதி நீ வெய்யி, பாதி நான் வெக்கிறேன்."

"அவரு ஒரு வூட்டு சரக்குதான் வெப்பாராம்."

"நாம ஒரே வூடுதானேக்கா?" என்று சிரித்தாள். "சரி, லேபிள நீயே போட்டுக் குடு. எனக்கு அந்தக் கோடு, கலர் எதுவும் தெரியாது. நீ எத குடுத்தாலும் ஒட்டிக்கிறேன்."

அவள் கொஞ்சமாவது பெருமையடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை வைத்ததும் மகள் வந்து, சித்தி எப்போது பொடி அனுப்பும் என்று கேட்டாள். என் சத்துமாவை அவள் இப்போது தொடுவதில்லை.

இரண்டு லேபிள்கள் செய்தேன். முதலாவதில் எனக்குத் தெரிந்த அத்தனையும் இருக்கிறது. வெள்ளைப் பின்னணி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த பொடி, அளவான எழுத்து. சாமி இல்லை. இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் அழகு. இரண்டாவதில் அந்தக் கோணல் போட்டோவை அப்படியே வைத்து, தேதி முதலியவற்றை மட்டும் கீழே எழுதினேன். கட்டைவிரலைக்கூட வெட்டவில்லை. அதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதலாவதை அனுப்பத்தான் போனேன். விரல் நின்றுவிட்டது. நான் அழகாகச் செய்தது எதுவும் இதுவரை தொடர்ந்து விற்றதில்லை. இதை ஒட்டினால் அவள் பொடியும் என் மாவைப் போல அந்தத் தட்டிலேயே உட்கார்ந்துவிடுமோ? அப்படி ஆனால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பாவம், எவ்வளவு பாடுபட்டுப் போட்டுக் கொடுத்தாள் என்பார்கள். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது. இரண்டாவதை அனுப்பினால் அது விற்றுவிடும், தட்டு அவளுக்கே போய்விடும். அதோடு, பெரியவள் வேண்டுமென்றே கிறுக்கிக் கொடுத்தாள் என்ற பேரும் எனக்கு மிஞ்சும்.

கணவரிடம் இரண்டையும் காட்டினேன். "ரெண்டும் நல்லாத்தான் கீது" என்றார். மகள் இரண்டாவதைத் தொட்டு, அண்ணன் ஏன் பாதித் தலையோடு இருக்கிறான் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்தே ஏதாவது செய்து, தானே லேபிள் ஒட்டி விற்கிற யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். காலிக் கவர்களில் இருக்கிற பெருமாளை என்ன செய்வது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் அவர் காத்திருப்பார். அவளுக்கு நான் எந்த லேபிளை அனுப்பட்டும்? என் மனதைப் பார்க்காமல், பொடியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.