பத்தொன்பதாம் நாள் நன்றி

போன தவக்காலத்தில் செய்த மடைத்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுவாமியாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொன்னால் பரிகாரமாகப் பத்து 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொல்லமாட்டீர்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களெல்லாம் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தன. நாற்பது நாளும் ஆளுக்கு ஒரு நன்றியும் ஒரு இரக்கச் செயலும் எழுதிப் போடவேண்டும். பத்தொன்பதாம் நாள், யோசிக்க ஒன்றும் மிஞ்சாத நிலையில், 'என் அன்பு அண்ணனுக்காக நன்றி கூறுகிறேன்' என்று போட்டேன். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணனும் நானும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்பதும், அண்ணி அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதும் அனுப்பிய பிறகுதான் உறைத்தன.

இரக்கத்திலும் நான் குறை வைக்கவில்லை. மன்னார் பஸ் நிலையத்துக் கழுதைக்கு வத்தகப்பழத் தோல் கொடுத்துப் படம் போட்டேன். படத்தில் கழுதையைவிட நான்தான் அதிகம் தெரிந்தேன். பின்னேரம் அது என் மோட்டார்சைக்கிள் இருக்கையைக் கடித்துக் கிழித்தபோது நான் சொன்னவற்றைக் குழுவில் போடவில்லை.

கழுதை என்றால் எனக்கு அண்ணன் நினைவு வரும்; மரியாதைக் குறைவாக எடுக்கவேண்டாம். எங்கள் ஊர் பேசாலையில், ஒன்பது வயதில், ஒரு கழுதையில் ஏறிக் கோயில் வளவுக்குள் போனேன். அண்ணன் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தார். விழுந்த அடியை விடுவோம். எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை முடிந்ததும், இளையவர்கள் மூத்தவர் ஒவ்வொருவர் முன்னும் போய்க் கைகூப்பித் 'தோத்திரம்' சொல்லவேண்டும். அவர்கள் நெற்றியில் சிலுவை வரைவார்கள். அன்று அண்ணன் முன்னால் நான் மரம்போல் நின்றேன்.

"அவர் கோள்மூட்டி. சொல்லமாட்டன்."

"கோபத்த வச்சுக்கொண்டு சோத்தில கை வைக்கேலாது," என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து பொரித்த சூடை மீன் வாசம் வந்துகொண்டிருந்தது. "தோத்திரம், கழுதை," என்றேன் பல்லைக் கடித்தபடி. அண்ணன் நகத்தால் அழுத்திச் சிலுவை வரைந்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா அன்றன்றைய நன்றியையும் உரக்கச் சொல்வார்: மீன் பட்டதற்கு, படாத நாளில் வள்ளம் கரை சேர்ந்ததற்கு, காற்று விழுந்ததற்கு. அவ்வளவு மீனையும் வெட்டிக் கருவாடு போட்ட அம்மாவின் பெயர் அதில் வந்ததாக நினைவில்லை. அந்தக் குறை எனக்குக் குடும்பச் சொத்தாக வந்து சேர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் நான்தான் நன்றியுரை. சுவாமியாருக்கு, பாடகர் குழுவுக்கு, பந்தல் போட்டவருக்கு எல்லாம் சொன்னேன். அம்மாவை மூன்று வருடம் படுக்கையில் பார்த்து, அன்று அத்தனை பேருக்கும் சமைத்த அண்ணியை விட்டுவிட்டேன்.

"மைக்செட்காரனுக்கும் சொன்னனீ," என்றார் அண்ணன். "இவள் கண்ணில படேல்லையோ?"

"நன்றியுரையில வீட்டாக்களைச் சொல்லுறேல்லை," என்றேன். இருபத்தைந்து வருடம் கந்தோரில் கோப்புகளோடு இருந்தவனுக்கு மன்னிப்புக்கு முன்னால் சட்டம்தான் வாயில் வரும். அதோடு பேச்சு நின்றது.

குழுவில் போட்ட நன்றி உறுத்த, இருபதாம் நாள் மாலை பேசாலை பஸ்ஸில் ஏறினேன். கருவாட்டு வாசம் ஏறியதுமே பாதி மன்னிக்கப்பட்டவன்போல் இருந்தது. அண்ணன் வீட்டில் செபமாலை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கதிரையில், பிள்ளைகள் தங்கள் அறைகளில், தங்கள் போன்களோடு. செபம் முடிந்தது. ஒருவரும் ஒருவரிடமும் போகவில்லை. சவர்க்கார விளம்பரம் வந்தது. எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் இரவு தங்கக்கூட எங்கள் வீட்டில் கோபத்துக்கு இடம் இருந்ததில்லை. இப்போது வருடக்கணக்காகக் குடியிருக்கிறது, நாங்கள் உலகத்துக்கெல்லாம் நன்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஐம்பத்திரண்டு வயதில் போய்க் கைகூப்பினேன். "தோத்திரம், அண்ணா."

 அவர் கை பழக்கத்தில் தானாக எழுந்து என் நெற்றிக்கு வந்தது. நகம் கொஞ்சம் அழுத்தியது. எனக்குக் கண் கலங்கியது. கூடவே இருபதாம் நாள் பதிவுக்கு வசனமும் தயாராகிவிட்டது.

அடுப்படி வாசலில் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, போனிலயும் அவருக்குத்தான், இஞ்சயும் அவருக்குத்தான். அண்டைக்குச் சமைச்சது நானெல்லோ?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம், பேச்சுத் தொடங்காதேங்கோ. சாப்பிட்டிட்டுச் சோத்துக் கோப்பையைக் கழுவி வையுங்கோ, எனக்கு அது காணும்."