நூற்றுப் பதினான்கு தாத்தாக்கள்

“மாணவர் நலப் பிரிவின் முதல் முகம். துயருற்று வரும் மாணவரைப் புன்னகையோடு வரவேற்று, பரிவோடு செவிமடுத்து, தக்க வழி காட்டுபவர்.” ஆறாம் எண் கவுன்ட்டரில் இருப்பவரைப் பற்றிப் பல்கலைக்கழகக் கையேடு இப்படித்தான் சொல்கிறது. எழுதியவர் அந்தக் கவுன்ட்டர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது மட்டும் உறுதி.

அங்கே இருந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. இரண்டு முழங்காலிலும் வலி. பத்தரைக்கு வந்த தேநீர் பன்னிரண்டு வரை ஆடை கட்டிக் கிடக்கும். அவர் புன்னகைத்துப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. பரிவோடு செவிமடுக்கவும் தோதில்லை. பேசுவதற்கென்று கண்ணாடியில் விட்ட ஓட்டை அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. மாணவர்கள் நேரில் ‘மேடம்’ என்பார்கள், படியிறங்கியதும் ‘எமனக்கா’.

பெயருக்குக் காரணம் உண்டு. வீட்டில் சாவு என்று தேர்வைத் தவறவிட்டவர்களின் விண்ணப்பங்கள் அவர் கைக்குத்தான் வரும். விதி சுலபமானது. இறந்தவர் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் என்றால் மறுதேர்வு உண்டு. பெற்றோருக்கு மட்டும் இறப்புச் சான்றிதழ் வேண்டும், மற்றவர்களுக்கு மாணவரின் கையெழுத்தே போதும். இந்தக் கடைசிச் சலுகையால் தேர்வு மாதங்களில் தாத்தாக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

அம்மாள் அத்தனையையும் ஒரு நீல நோட்டில் குறித்துவைத்தார். யாரும் குறிக்கச் சொல்லவில்லை. ஒரு பையனின் தாய்வழித் தாத்தா ஒரே வருடத்தில் மூன்று முறை காலமாகியிருந்தார். “போன தடவை மாடிப்படியில விழுந்தாருல்ல, இப்ப நெஞ்சுவலியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்தி, டீனின் கையெழுத்துக்கு அனுப்பினார். காகிதம் சரியாக இருந்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கணவர் விசாரிப்பார். அவருக்கு லாரி உதிரிபாகக் கிடங்கில் வேலை.

“இன்னிக்கு எத்தனை பேரு?”

“ஆறு. அஞ்சு தாத்தா, ஒரு பெரியம்மா.”

“பெரியம்மாவா? அடப் பாவமே.”

அதற்குமேல் அந்த வீட்டில் மரணத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. அம்மாளின் சொந்த அக்கா இறந்தபோது ஊழியர் விதிப்படி இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. மூன்றாம் நாள் வந்து நான்கு தாத்தாக்களுக்கு முத்திரை குத்தினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி விண்ணப்பத்தை நீட்டினாள். மறுதேர்வு வியாழக்கிழமை. புதன் மாலை நான்கு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதில் பெயர் ஏறாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தாள்.

அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். “அவங்கள எப்படிக் கூப்பிடுவே?”

“அத்தைன்னு.”

“அப்ப அப்படியே எழுது. வேற ஃபாரம் தரேன்.”

பெண் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். பள்ளி விட்டு வந்தால் சாப்பாடு, வீட்டுப்பாடம், தலைவாரல் எல்லாம் பக்கத்து வீட்டில்தான். பிள்ளை இல்லாத அந்தப் பெண்மணிக்கு மருத்துவமனையில் கடைசியாகத் துணையிருந்தது இவள். அன்றைக்குத்தான் தேர்வு.

“ரத்த உறவுன்னு கீழ கையெழுத்து போடணுமே மேடம். அவங்க எனக்குச் சொந்தமில்ல. சொந்தமில்லாமதான் பதினோரு வருஷம் சோறு போட்டாங்க. அதை மாத்தி எழுதினா அவங்க செஞ்சது ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்.”

“ஒரு வருஷம் போயிடும்.”

“தெரியும் மேடம்.”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். “பொய் சொல்றவங்க ரெண்டு நிமிஷத்துல போயிடறாங்க. உண்மை பேசறவங்களாலதான் எனக்கு வேலை. வச்சிட்டுப் போ.”

விதியில் யாரும் படிக்காத ஓர் உட்பிரிவு இருந்தது. பட்டியலில் இல்லாத உறவு என்றால் மருத்துவர், விடுதிக் காப்பாளர், டீன் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்பது வருடமாக அதற்கு வேலை வரவில்லை. தாத்தாக்கள் இருக்கும்போது அதை யார் தேடப்போகிறார்கள்?

புதன்கிழமை மதியம் கவுன்ட்டரில் ‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ அட்டையை மாட்டிவிட்டுக் கிளம்பினார். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. முதல் மாடியில் மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். இரண்டாம் மாடியில் காப்பாளர் படிக்காமலே போட்டார், ஆனால் அவர் சாப்பிட்டுவிட்டு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் மாடியில் டீன் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். இன்று பக்கத்து வீட்டைச் சேர்த்தால் நாளை எதிர்வீடு வரும், அப்புறம் தெருவே திரண்டு வரும், விதிக்கு என்ன மரியாதை என்றார்.

அம்மாள் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். முழங்காலுக்குப் பதவி தெரியாது. நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“இந்த வருஷம் நூத்திப் பதினாலு தாத்தா சார். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. ஒருத்தர் மூணு தடவை செத்திருக்காரு.”

டீன் குனிந்து ஒரு பக்கம் படித்தார், இன்னொரு பக்கம் புரட்டினார். “இதையெல்லாம் எதுக்கும்மா எழுதி வச்சிருக்கீங்க?”

“சும்மாதான் சார்.”

“இந்த நோட்டு வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

மணி மூன்று நாற்பது. டீன் பேனாவைத் திறந்தார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முழங்கால்களுக்குப் பெரிய பாடு. அம்மாள் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக வந்தார். கவுன்ட்டர் முன்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. ஓரமாகக் காத்திருந்த அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாளைக்கு அடையாள அட்டையை மறக்காதே என்று சொல்லிவிட்டு அம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆளுக்குத் தாத்தா.

சாயங்காலம் கணவர் எத்தனை பேர் என்று கேட்டபோது, வெந்நீர் போடச் சொன்னார். நோட்டில் அன்றைய பக்கத்தில் ஒரு புது உறவுமுறை ஏறியிருந்தது.

அந்தப் புதன்கிழமை அவர் ஒரு விண்ணப்பத்தை மூன்று மாடி ஏற்றி, மூன்று கையெழுத்து வாங்கி, நான்கு மணிக்குள் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.